எந்தக் கிளை என்று கேட்ட பிக்கு

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று மனிதவளத் துறையில் வேலைக்குச் சேரும் உங்களுக்கெல்லாம், வெளிநாட்டுப் பொறியாளர் வந்தால் எவ்வளவு குனிய வேண்டும், கார்டை எப்படி நீட்ட வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார்களாம். நல்ல விஷயம். எங்கள் காலத்தில் இந்த வேலைக்குப் பர்சனல் ஆபீசர் என்று பெயர். வகுப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மற்ற எல்லாத் துறையும் தன் வேலை இல்லை என்று தள்ளிவிடுகிற சமாச்சாரம் எங்கள் மேசையில் வந்து விழும். கான்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தாலும் நாங்கள்தான், ஆள் செத்துப்போனாலும் நாங்கள்தான்.

நான் சொல்லப்போவது ஆள் செத்துப்போன விஷயம். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பதறாமல் சொல்ல எனக்கு வராது. அதனால் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் மண்ணூர் பக்கம் எங்கள் தொழிற்சாலை புதிது. சுற்றிலும் வயல், நடுவில் எங்கள் ஷெட். ஜப்பானிலிருந்து இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பெரிய பெரிய பிரஸ் இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஜப்பானியர்கள் சிலர் வந்தார்கள். வேலை முடிந்து மற்றவர்கள் திரும்பிப்போக, ஹராதா என்பவர் மட்டும் எங்கள் ஆட்களுக்குப் பழக்கிவிடுவதற்காகத் தங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். குள்ளம், வழுக்கை, எப்போதும் சிரிப்பு. ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு எடுத்துக் கொடுத்திருந்தோம். "சாப்ட்டியா", "போதும்", "மெதுவா" என்ற மூன்று தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு ஷாப் ஃப்ளோர், அதாவது இயந்திரக் கூடம், முழுவதையும் ஆட்டிவைத்தார்.

அவர் சாதுவான ஆள்தான், ஆனால் சாமியார் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பீர் வேண்டும். ஆயுத பூஜைக்கு ஆட்கள் போட்ட பிரியாணியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிருத்திகைக்கு ஆட்களோடு பஸ் ஏறி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியோடு அடுத்த ஷிஃப்டுக்கு வந்து நின்றார். மதம் என்ன என்று நான் கேட்டபோது புத்த மதம் என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு ஆளின் மதத்தைக் கேட்டுவிட்டால் ஆளைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று நினைத்த காலம் அது.

ஒரு நாள் முற்பகல், டீ நேரம் முடிந்து எல்லோரும் லைனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹராதா அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இயந்திரத்தால் ஒன்றும் ஆகவில்லை, இதயம் நின்றுவிட்டது. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, வழியிலேயே போய்விட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் என்னிடம் "சாப்ட்டியா" என்று கேட்ட மனிதர்.

சாயங்காலம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஜப்பானுக்குத் தகவல் போய்விட்டது. மனைவி வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அதுவரை உடலை வைத்திருக்க வேண்டாம், புத்த மத முறைப்படி எரித்துவிடுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். எதை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய பெட்டி, கேமரா, துணிமணியைத்தான் சொல்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மடித்துக் கட்டி வைத்தேன்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் வரதன் சார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், தென்கலை ஐயங்கார், நாமம் இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. முன்கோபி, ஆனால் மனசு வெல்லம். அவர் என்னைக் கூப்பிட்டு, புத்த மதத்தில் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்துவிட வேண்டும், குறை இருக்கக் கூடாது, எங்கிருந்தாவது ஒரு பிக்குவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். நானோ சி.எஸ்.ஐ. கிறிஸ்தவன். எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். அதுவரை ஒரு சிதையைக்கூடக் கிட்டத்தில் பார்த்தவன் இல்லை. என்னைப் போய்ப் புத்த மதச் சடங்குக்குப் பொறுப்பாக்கினால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

சென்னையில் சின்ன விகாரம் ஒன்றைத் தேடிப்பிடித்தேன். வயதான, சாந்தமான, தூரதேசத்து முகம் ஒன்றை எதிர்பார்த்துப் போனவனுக்கு அங்கேயே முதல் அதிர்ச்சி. காவி உடுத்தி, தலையை மழித்து, என்னைவிடச் சின்ன வயதில் ஒருவர் வெளியே வந்து, "இன்னா சார் விஷயம்?" என்றார். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பத்துப் பிள்ளை. பாட்டனார் காலத்திலேயே புத்த மதத்துக்குப் போன வீடு. இவர் தாய்லாந்தில் ஒரு காட்டு மடத்தில் சில வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அவுரு எந்தக் கிளை சார்?" என்று கேட்டார்.

புத்த மதம் என்றேன்.

"அது சர்தான் சார். அதுல எந்தக் கிளை?"

எனக்குப் பகீரென்றது. புத்த மதத்தில் கிளையா? எல்லோரும் ஒரே மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். தெரியாது என்றேன். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வருகிறேன், ஆனால் எங்கள் வழியில்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பூந்தமல்லி தாண்டுவதற்குள் என் அறியாமையையெல்லாம் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார்.

புத்தர் போய் நூறு வருடம் ஆகும் சமயத்திலேயே சண்டை வந்துவிட்டதாம். எதற்கு? உப்புக்கு! பிச்சையாகக் கிடைத்ததை அன்றன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது என்பது விதி. சில பிக்குகள் கொம்பில் உப்பைப் போட்டு வைத்துக்கொண்டு, சாதத்தில் உப்பு குறைந்தால் தூவிக்கொண்டார்கள். நண்பகல் தாண்டி நிழல் இரண்டு விரற்கடை நகர்ந்த பிறகும் சாப்பிட்டார்கள். கூடாது என்றார்கள் பெரியவர்கள். இருந்தால் என்ன என்றது இன்னொரு பக்கம். கூடிக்கூடிப் பேசியும் சரிப்பட்டு வராமல் இரண்டாகப் பிரிந்தார்களாம்.

நான் நம்பவில்லை. உப்புக்கா இவ்வளவு என்றேன்.

"ஆரம்பிச்சது அதுல சார். அப்பால பெரிய பெரிய கேள்வியெல்லாம் வந்துட்ச்சு" என்றார் பிக்கு.

புத்தர் நம்மைப் போல் மனிதர்தானா, அதற்கும் மேலா? ஒருவர் தான் கரையேறினால் போதுமா, இல்லை எல்லோரையும் ஏற்றிவிட்டுத்தான் தான் ஏற வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பழைய விதிகளை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்ட பக்கம் இலங்கை, பர்மா, தாய்லாந்து என்று போனது. இவர் அந்தப் பக்கம். இன்னொரு பக்கம் வடக்கே போய், சீனா, கொரியா, ஜப்பான் என்று நடந்து, போன ஊரிலெல்லாம் புதிது புதிதாகக் கிளைவிட்டது. மலை ஏறித் திபெத்துக்குப் போனது மந்திரமும் மண்டலமுமாக வேறு உருவம் எடுத்தது. குளிர்காலத்தில் சென்ட்ரல் பக்கம் ஸ்வெட்டர் விற்க வருகிறார்களே, அவர்கள் அந்தக் கிளை. ஒரு காலத்தில் நம்முடைய காஞ்சிபுரத்திலேயே இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்களாம். ஜப்பானில் மட்டும் பெரிய கிளைகள் ஏழெட்டாவது இருக்கும் என்றார்.

எனக்கு வந்த கோபம் என் மேலேயே. எங்கள் ஊரில் கத்தோலிக்கர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், எங்களுக்கு ஒன்று, நடுவில் மதில். செத்த பிறகும் சேர்த்துப் படுக்கவைக்க மாட்டார்கள். வரதன் சாரோ நாமத்துக்குக் கீழே பாதம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தே தென்கலையா வடகலையா என்று ஆளை எடைபோடுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி, புத்த மதம் என்றால் ஒன்றுதான் என்று முடிவுகட்டியிருந்தோம். இதைவிட வெட்கக்கேடு உண்டா?

தொழிற்சாலையில் அடுத்தடுத்து அதிர்ச்சி. டைப்பிஸ்ட் ஸ்டெல்லா மரியாதையாகக் காபி டம்ளரை நீட்ட, பிக்கு சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்கள் கையிலிருந்து நேராக எதையும் வாங்கக் கூடாது, ஒரே சமயத்தில் ஒரே பொருளை இரண்டு பேரும் பிடித்திருக்கக் கூடாது, அது விதி, தப்பாக நினைக்க வேண்டாம், மேசை மேல் வையுங்கள் என்று பிக்குவே சமாதானம் சொன்னார். நண்பகலுக்கு முன்னால் சாப்பாடு முடிய வேண்டும் என்றதும் கான்டீனில் ஒரே களேபரம். மாலையும் மேளமுமாக ஆட்கள் வந்து நின்றார்கள். மாலையும் மேளமும் பிக்குகளுக்கு ஆகாதாம், அவர் ஓரமாக நின்றுகொண்டார்.

சுடுகாட்டில் பாலி மொழியில் சில வரிகள் ஓதினார். தோன்றியதெல்லாம் மறையும் என்று தமிழிலும் சொன்னார். இறந்தவர் பேரில் தானமாகக் கொடுத்த ஒரு வெள்ளைத் துணியைப் பெற்றுக்கொண்டார். முடிந்தது என்றார்.

வரதன் சாருக்குத் தாங்கவில்லை. "அவ்வளவுதானா? ஆத்மாவை வழியனுப்பி வைக்க ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

"வழியனுப்பி வெக்க உள்ள யாரும் இல்லீங்க சார்" என்றார் பிக்கு, மிகவும் பணிவாக.

அந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆத்மா என்று ஒன்று கிடையாது என்பது அவர்கள் மதத்துக்கே அடிப்படை என்று பிறகு விளக்கினார். ஆனால் அன்று சுற்றி நின்ற ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தங்கள் ஹராதா அண்ணனை அந்தரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று யாரோ சொல்ல, வரதன் சார் சட்டையைக் கழற்றினார். "என் ஷாப் ஃப்ளோர்ல விழுந்தான். நான் வைக்கறேன்" என்றார். ஒரு ஐயங்கார் ஜப்பான்காரருக்குக் கொள்ளி வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பால் ஊற்றினார்கள். அந்தச் சுடுகாட்டில் வேலை பார்த்த ஏழுமலை, எலும்புகளைப் பொறுக்கிக் கழுவி ஒரு மண்கலயத்தில் போட்டு வெள்ளைத் துணியால் வாய்கட்டிக் கொடுத்தான். வரதன் சார் அதை மடியில் வைத்துக்கொண்டு கார் ஏறினார். மாமல்லபுரம் கடலில் கரைத்துவிட்டால் அந்த அம்மா வந்து அந்தக் கோலத்தைப் பார்த்து அழ வேண்டியிருக்காது என்பது அவர் நினைப்பு. இறந்தவரின் எலும்பை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது, ஓடும் தண்ணீரிலோ கடலிலோ சேர்த்துவிட வேண்டும் என்பது நம்மூர் வழக்கம். அதில் தப்பு இருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான்.

கார் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தலைமை அலுவலகம். அந்த அம்மாவுக்கு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே விமானம் கிடைத்து, காலையிலேயே சென்னையில் வந்து இறங்கிவிட்டாராம். நேரே நம்மிடம் வருகிறாராம். எலும்புகளை அவரே தன் கையால் பொறுக்கிக் கொண்டுபோக வேண்டுமாம். ஊரில் அவர்கள் கோயிலில் வைப்பதற்கு. அதுவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா சொன்னது பெட்டியை இல்லை, புருஷனை! அவரோ ஒரு மண்கலயத்தில் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார். இன்றைக்கு என்றால் செல்போனில் ஒரு அழுத்து. அன்றைக்கு ஓடுகிற காரை எப்படி நிறுத்துவது?

ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஒரகடம் தாண்டியும் என் மனதில் ஒரே கேள்விதான். அந்த அம்மா முன்னால் போய் நின்று, உங்கள் கணவரைக் கரைத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? சிங்கபெருமாள்கோயில் ரயில்வே கேட்டைத் திட்டாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. நானும் பல தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது மூடியிருந்தது. லாரிகளுக்கு நடுவே எங்கள் கார் நிற்பதைப் பார்த்ததும் ஜீப்பை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். பின்சீட்டில் வரதன் சார் கலயத்தை அணைத்தபடி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து கலயத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் காரைத் திருப்பச் சொன்னார். திரும்பி வரும் வழியில் யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். எலும்புகளைத் திரும்பவும் சாம்பலில் போட்டு மூடிவிடலாம், தொடவே இல்லை என்று சொல்லிவிடலாம், அந்த அம்மா மனசு புண்படாது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்கம் தெரியாமல் ஏற்கனவே ஒரு தப்பு பண்ணிவிட்டோம், இப்போது தெரிந்தே இன்னொன்று பண்ண வேண்டாம் என்றேன். மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இந்த வேலையில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்வேன். பதற்றத்தில் முதலில் தோன்றுகிற சமாதானம் பெரும்பாலும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும்.

அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து விசிட்டர் அறையில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு உடை, மடியில் ஒரு கைப்பை. பிக்குவும் அங்கேயே இருந்தார்; மனைவி வந்ததும் ஓதிவிட்டுப் போகலாம் என்று விருந்தினர் அறையில் தங்கியிருந்தார். அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேசினால் ஆங்கிலம் புரிந்தது. நடந்தது எல்லாவற்றையும் நான் சொன்னேன். கலயத்தைக் காட்டினேன். கடல்வரை கொண்டுபோகப் பார்த்தோம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கலயத்தின் மேல் கையை வைத்தார். பிறகு, யார் நெருப்பு வைத்தது என்று கேட்டார். வரதன் சாரைக் காட்டினேன். எழுந்து அவருக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

அடுத்து நான் பிக்குவை அறிமுகம் செய்து, சடங்கை இவரே நடத்துவார், உங்கள் கிளை எது என்று சொன்னால் போதும் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் நான் தமிழில் சொன்னேன்.

ஹராதா ஒரு புத்த குரு. அவர்களுடைய கிராமத்துக் கோயிலுக்கு அவர்தான் பூசகர், அவருடைய அப்பாவுக்குப் பிறகு இவர்.

விபூதி பூசிக்கொண்டு வந்த ஹராதா! சனிக்கிழமை பீர் கேட்ட ஹராதா! பிரியாணியை மறுபடி வாங்கிச் சாப்பிட்ட ஹராதா! வரதன் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் கிளையில் குருமார் கல்யாணம் செய்துகொள்வார்கள், எல்லோரையும் போலச் சாப்பிடுவார்கள், வேலைக்கும் போவார்கள் என்று அந்த அம்மா விளக்கினார். நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களால் விதிகளை எல்லாம் காப்பாற்ற முடியாது, அளவில்லாத ஒளி கொண்ட ஒரு புத்தரின் பேரை நம்பிச் சொன்னால் போதும், அவர் கைவிட மாட்டார் என்பது அவர்கள் வழி. கோயிலை நம்பியிருக்கும் குடும்பங்கள் குறைந்துபோனதால் அவர் இயந்திர வேலைக்கு வந்திருக்கிறார். இங்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

பிக்குவைப் பார்த்தேன். அப்படி ஒரு கிளை இருப்பதைப் படித்திருக்கிறேன் என்று முன்பு காரில் சொன்னவர்தான். ஆனால் படிப்பது வேறு, ஒரு குருவின் மனைவி எதிரே வந்து உட்காருவது வேறு.

சுடுகாட்டுக்குப் போவோம் என்று அந்த அம்மா எழுந்தார். எரித்த இடத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். ஏழுமலை என்னைத் தனியே கூப்பிட்டான். "பொம்பளைங்க இங்க வர்றதில்ல சார். இன்னா சார் இது?" என்றான். புது வெள்ளைத் துணி விரித்து, கலயத்திலிருந்த எலும்புகளை அவன் பரப்பினான். நாலைந்து தொழிலாளர்கள் தூரத்தில் நின்றார்கள். பிக்குவை ஓதச் சொல்லலாம் என்று நான் திரும்பியபோது, அந்த அம்மா கைப்பையைத் திறந்து, நெய்த பட்டை ஒன்றை எடுத்து மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மண்டியிட்டு உட்கார்ந்து, கனத்த குரலில் தானே ஓத ஆரம்பித்தார். அவரும் தீட்சை பெற்ற குரு! இனி அந்தக் கோயிலுக்கு அவர்தான்.

சுடுகாட்டில் ஒரு பெண், புருஷனுக்குத் தானே மந்திரம் சொல்கிறாள். நான் பிக்குவின் பக்கம் பார்க்கவே பயந்தேன். அவர் பழகிய மடங்களில் பெண்களுக்குத் தீட்சையே கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். கிளம்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். அவர் மெதுவாக வந்து, சாம்பல் கிடந்த தரையில், அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கைகூப்பிக் கேட்டார்.

ஓதி முடித்ததும் அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்னச் சாடியையும், சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரிக் குச்சிகள் இரண்டு ஜோடியையும் எடுத்தார். அவர்கள் வழக்கத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜோடியால் ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்துத் தூக்கிச் சாடியில் வைக்க வேண்டும். தனி ஆள் எடுக்கக் கூடாது. உறவுக்காரர்கள் யாரையும் அவரால் கூட்டிவர முடியவில்லை. இன்னொரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் முன்னால் வர நினைத்தேன், கால் வரவில்லை, அதுதான் உண்மை. வரதன் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருந்த பிக்குவிடம் நீட்டினார். புத்த குருவின் எலும்பை எடுக்க இன்னொரு புத்த குரு, இதில் என்ன தடை என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கு இவர்கள் விதி தெரியாது.

நீட்டிய கை அப்படியே நின்றது. இத்தனை தூரம் வந்து, கடலுக்குப் புறப்பட்ட எலும்பைத் திருப்பிக் கொண்டுவந்து, கடைசியில் இங்கேயா நிற்க வேண்டும்?

பிக்கு தன் மேல்துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் தரையில் விரித்தார். அதன் மேல் வைக்கும்படி கையைக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரிந்தது, வைத்தார். பிக்கு குச்சிகளை எடுத்துக்கொண்டார். இரண்டு ஜோடிக் குச்சிகளும் முதலில் ஒரு கால் எலும்பைப் பிடித்தன. அவருக்குக் குச்சி பிடித்துப் பழக்கமில்லை, தடுமாறியது. அந்த அம்மா பொறுத்திருந்தார். காலிலிருந்து மேலே மேலே போய், கடைசியாகத் தொண்டைப் பகுதியிலிருந்து ஒரு சின்ன எலும்பை இருவருமாக எடுத்தார்கள். அது தியானத்தில் உட்கார்ந்திருக்கும் புத்தரைப் போலவே இருக்கும், கிட்ட வந்து பாருங்கள் என்று அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டார். பார்த்தோம். ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தது. வரதன் சார் வாய்விட்டு அழுதார்.

சாடி நிறைந்ததும் அந்த அம்மா மூடியைப் போட்டார். பாதிக்கு மேல் எலும்புகள் துணியிலேயே இருந்தன. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் இவ்வளவுதான் எடுப்பார்களாம், மற்றது எரித்த ஊரிலேயே இருக்க வேண்டியதாம். அவற்றைத் தன் கையாலேயே மண்கலயத்தில் அள்ளிப் போட்டு வரதன் சாரிடம் கொடுத்து, நீங்கள் நினைத்தபடியே உங்கள் கடலில் சேர்த்துவிடுங்கள் என்றார். எதற்காகக் காலையிலிருந்து பயந்து செத்தோமோ, அதையே செய்யச் சொல்லி எங்களிடம் கொடுத்துவிட்டார். வரதன் சார் கலயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிக்குவை நான்தான் சென்னைக்குக் கொண்டுபோய் விட்டேன். கார் பூந்தமல்லி வந்துவிட்டது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டேன். துண்டு விரித்து வாங்கியது சரி, ஆனால் அந்த அம்மாவோடு சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்தீர்களே, அது உங்கள் விதிக்கு ஒத்துவருமா என்று.

"ஒத்து வராது சார்" என்றார். "போனதும் பெரியவர் கிட்ட சொல்லணும். தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுக்கும் எங்களுக்கு விதி கீது."

தெரிந்தே ஏன் செய்தீர்கள் என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தம்மா கைல இன்னொரு ஜோடி இருந்துச்சே சார்."